விலையின்மையும் விடுதலையும்: மென்பொருள் எழுதுவோர் பதிப்புரிமையை நோக்கிய விதம்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே உள்ள ஒரு குருசேகரத்தில் நான் ஊழியம் செய்த நாட்களில், சபை வாலிபன் ஒருவன் ஞானஸ்நானம், திருமணம், நல்லடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளையும் சந்தாக் கணக்கையும் கணிப்பொறியில் பேணுவதற்கென ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தான். அப்போது அவன் விழுப்புரத்தில் கல்லூரி மாணவன். கூலி ஏதும் பெறவில்லை. “சபைக்குத்தானே ஐயா” என்றான். ஒன்பது ஆண்டுகள் அது நன்றாகவே உழைத்தது. பின்பு பழைய கணிப்பொறி பழுதுற்றது. புதியதில் அம்மென்பொருள் இயங்க மறுத்தது. வாலிபனோ சென்னையில் வேலைக்கு அமர்ந்து, அங்கிருந்து அயல்நாடு சென்றுவிட்டான். திண்டிவனத்தில் பொறியியல் பயின்ற சபைப் பெண் ஒருத்தி அதைச் சீர்செய்ய முன்வந்தாள். அவள் கேட்ட கேள்விகள் இரண்டு. “மூலநிரல் எங்கே இருக்கிறது ஐயா?” என்பது ஒன்று. “அதை மாற்றி எழுத அண்ணன் உரிமை கொடுத்திருக்கிறாரா?” என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. இரண்டாவது ஒரு கேள்வியாகும் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. இலவசமாகக் கொடுத்தவன் உரிமையையும் சேர்த்தே கொடுத்தான் என்று எண்ணியிருந்தேன். அவ்வாறு அன்று என்பதையும், மென்பொருள் எழுதுவோர் உலகில் இப்பொருள் பற்றி ஐம்பது ஆண்டுகளாக எத்தகைய மனமாற்றங்கள் நிகழ்ந்தன என்பதையும் பின்னர் அறிந்துகொண்டேன். அவற்றுள் குருமார்க்கும் இறையியல் மாணவர்க்கும் பயன்படுவனவற்றை இங்கு எழுத முற்படுகிறேன்.

முதலில் ஒரு சொல்லை விளக்குதல் வேண்டும். நிரலர் தம் கையால் எழுதுவது மூலநிரல். அது மனிதர் படித்தறியத்தக்க மொழியில் அமைந்தது. அதனைப் பொறி இயக்கத்தக்க வடிவாக மாற்றியபின் நமக்குக் கிடைப்பது இயங்குநிரல். பழைய அச்சகங்களைக் கண்டவர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். அச்சிட்ட தாள் நம் கையில் இருக்கலாம், அதைப் படிக்கலாம். ஆனால் ஒரு பிழையைத் திருத்தி மறுபடியும் அச்சிட வேண்டுமாயின், எழுத்துக் கோத்துக் கட்டிவைத்த அச்சுக்கோப்பு வேண்டும். அது கலைக்கப்பட்டுவிட்டால் யாவும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதே. எங்கள் குருசேகரத்தில் இருந்தது தாள் மட்டுமே.

இனிச் சட்டத்தைக் காண்போம். நமது நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. 1984-இல் அது திருத்தப்பட்டபோது, கணிப்பொறி நிரல்களும் இலக்கியப் படைப்பு என்னும் வகைக்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே ஒரு மாணவன் எழுதும் இருபது வரி நிரலும், சட்டத்தின் பார்வையில், ஒரு சிறுகதையைப் போன்றதே. அதன் உரிமை எழுதிய அக்கணமே எழுதியவரிடம் சேர்கிறது, பதிவு செய்யவேண்டியதில்லை, “உரிமை ஆசிரியருக்கே” என்று பொறிக்கவும் வேண்டியதில்லை. ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். பிறர் அதைப் படியெடுக்கவோ, மாற்றி எழுதவோ, வேறொருவர்க்கு வழங்கவோ அனுமதி வேண்டும். ஆசிரியர் வாய்திறவாதிருந்தால், பொருள் “எடுத்துக்கொள்” என்பதன்று, “தொடாதே” என்பதாகும். அன்பினால் கொடுத்துவிட்டு மௌனமாயிருப்பவனும் சட்டத்தின்படி கதவைப் பூட்டியவனே என்பது வியப்பிற்குரியது. பலர் இதனை அறியார்.

ஆசிரியர் தம் உரிமையை முற்றிலும் துறந்துவிடவும் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இடந்தருகிறது. தமிழ் வாசகர்க்கு இத்தகைய நிலை புதிதன்று. பாரதியாரின் நூல்களுக்கான உரிமையை 1949-இல் அரசு ஏற்றுக்கொண்டதும், பின்னர் எழுத்தாளர் பலரின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டதும் நாம் அறிந்தவையே. நாட்டுடைமையான நூலை எவரும் அச்சிடலாம். ஆனால் அவ்வாறு அச்சிடுகிறவர் புதிய உரை சேர்த்து, அவ்வுரைக்குத் தம் உரிமையைக் கோரி, மற்றவர் அதைத் தொடாதபடி தடுக்கவும் செய்யலாம். பொதுவில் விடப்பட்ட நிலத்தில் எவரும் தம் பங்குக்கு வேலி போட்டுக்கொள்ளலாம் என்பதே இதன் பொருள். இக்குறையை நினைவிற்கொண்டால், பின்வரும் செய்தி விளங்கும்.

கணிப்பொறியின் தொடக்க நாட்களில் நிரல்கள் பொறியோடு இலவசமாகவே வந்தன. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்தோர் அவற்றை ஒருவருக்கொருவர் கைமாற்றித் திருத்திக்கொண்டனர். இதனை ஓர் அறம் என்றுகூட எவரும் எண்ணவில்லை, பழக்கம் என்றே எண்ணினர். 1976 பிப்ரவரியில் இருபது வயது இளைஞரான பில் கேட்ஸ், கணிப்பொறி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தாமும் தம் கூட்டாளிகளும் உழைத்து எழுதிய நிரலைப் பெரும்பாலோர் விலை கொடாமல் படியெடுத்துப் பயன்படுத்துகின்றனர், இது திருட்டு என்பது அவர் வாதம். ஊதியமில்லாமல் தரமான வேலையை எவர் செய்வார் என்று அவர் கேட்டார். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. உழைப்பாளி தன் கூலிக்குப் பாத்திரன் என்பதை நாம் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! ஆனால் அதற்கு விடையாக எழுந்த தொழில்முறை, கூலியைக் கேட்டதோடு நிற்கவில்லை, மூலநிரலையே மறைத்தது, வாங்கியவர் தாம் வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்ப்பதையும் தடை செய்தது.

இம்மாற்றத்தை நேரில் கண்டு மனம் பொறாதவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றியபோது, அங்கிருந்த அச்சுப்பொறி ஒன்று அடிக்கடி தாள் சிக்கி நின்றுவிடும். அதன் நிரலைத் திருத்தினால் பயனாளர்க்கு உடனே அறிவிப்புச் செல்லுமாறு செய்யலாம். முந்தைய அச்சுப்பொறிக்கு அவர் அவ்வாறே செய்திருந்தார். புதிய பொறியின் மூலநிரலை வைத்திருந்த ஒருவரைத் தேடிச் சென்று கேட்டார். எவருக்கும் தருவதில்லை என்று நிறுவனத்திற்கு வாக்களித்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அண்டை வீட்டாருக்கு உதவாதிருக்க முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்ட மனிதர் என்று ஸ்டால்மன் அதனை எண்ணினார். 1983-இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார்; 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார்; 1989-இல் குனு பொதுமக்கள் உரிமத்தின் முதற் பதிப்பை வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 1991-இலும் மூன்றாம் பதிப்பு 2007-இலும் வந்தன.

அவ்வுரிமத்தின் அமைப்பை உற்று நோக்குதல் தகும். ஸ்டால்மன் தம் உரிமையைத் துறக்கவில்லை. உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே, நான்கு சுதந்திரங்களைப் பெறுபவர்க்கு அளித்தார்: எந்நோக்கத்திற்கும் இயக்குதல், படித்தறிந்து மாற்றுதல், படியெடுத்து வழங்குதல், மாற்றியதையும் வழங்குதல். இவற்றோடு ஒரு நிபந்தனையை இணைத்தார். நீ இதைப் பிறர்க்கு வழங்குவாயாயின், மாற்றி வழங்கினும் மாற்றாது வழங்கினும், மூலநிரலோடும் இதே உரிமத்தோடும் வழங்கவேண்டும். விலைக்கு விற்கலாம், தடையில்லை. ஆனால் நீ பெற்ற சுதந்திரத்தை உனக்குப் பின் வருபவனுக்கு மறுக்க உனக்கு அதிகாரமில்லை. இந்நிபந்தனையை மீறியவன் அனுமதியை இழக்கிறான். அனுமதியின்றிப் பயன்படுத்துவோனைப் பதிப்புரிமைச் சட்டமே தண்டிக்கும். தடுப்பதற்கென எழுந்த சட்டத்தின் வலிமையைக் கொண்டே தடை செய்வதைத் தடுத்த இம்முறையை ஆங்கிலேயர் காப்பிலெஃப்ட் என்று சிலேடையாக அழைப்பர். தமிழில் அளிப்புரிமை என்பர் சிலர். நாட்டுடைமைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இப்போது புலனாகும். அங்கே நிலம் பொதுவில் விடப்படுகிறது. இங்கே வேலி போடக்கூடாது என்ற பத்திரத்தோடு விடப்படுகிறது.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் அவர்களுக்கு ஓயாத குழப்பம். நமக்கு அவ்விடர் இல்லை. இரண்டிற்கும் தனித்தனிச் சொல் உண்டு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தின் பெயர் ‘விலையில்லா மடிக்கணினி’ என்பதேயன்றிக் கட்டற்ற மடிக்கணினி என்பதன்று. அக்கணிப்பொறிகளில் விண்டோஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. முன்னது விலையின்றி வந்த பூட்டிய பெட்டி. பின்னது திறவுகோலோடு வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் முன்னதையே பயன்படுத்தினர் என்பது நான் கண்ட உண்மை. திறவுகோலின் பயனை ஒருவரும் சொல்லிக்கொடுக்காவிட்டால் அது வெறும் இரும்புத் துண்டுதானே.

1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதினார். முதலில் விற்பனையைத் தடைசெய்யும் தம் சொந்த உரிமத்தில் வெளியிட்டு, 1992-இல் குனு உரிமத்திற்கு மாற்றினார். 1998-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலைத் திறப்பதாக அறிவித்தபோது, வணிகர்க்கு விடுதலை என்னும் சொல் அச்சமூட்டுகிறது என்று கருதிய சிலர் ‘திறந்த மூலம்’ என்னும் புதுப்பெயரை உண்டாக்கினர். பெயர் மாறியதோடு பொருளும் சற்று மாறிற்று. ஸ்டால்மனுக்கு மூலநிரலைத் திறத்தல் அயலானுக்குச் செய்யும் கடமை. புதியோர்க்கு அது நல்ல மென்பொருளை விரைவில் ஆக்கும் வழிமுறை. 2001-இல் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் பேசினார் மைக்ரோசாஃப்ட் தலைவர். அதே மைக்ரோசாஃப்ட் 2018-இல், உலகத் திறந்த மூல நிரல்களின் பெருங்களஞ்சியமாகிய கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது.

தமிழ்நாட்டில் இவ்வலை எவ்வாறு வந்தது என்பது தனியே எழுதத்தக்கது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் பாடநூலில் ஸ்டார் ஆபீஸ் என்னும் தொகுப்பை நம் பிள்ளைகள் பல ஆண்டுகள் கற்றனர். அதன் மூலநிரலை 2000-இல் சன் நிறுவனம் திறந்துவிட, ஓப்பன் ஆபீஸ் பிறந்தது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபின், அதன்மேல் நம்பிக்கையிழந்த நிரலர்கள் 2010-இல் மூலநிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி லிப்ரே ஆபீஸை அமைத்தனர். அவர்களைத் தடுக்க உரிமையாளர்க்கு அதிகாரம் இல்லை. உரிமம் அவ்வாறு எழுதப்பட்டிருந்தது. ஆகவே விழுப்புரத்துப் பிள்ளை அன்று கற்றது, நிறுவனங்கள் இரண்டு கைமாறியும், இன்றும் அழியாமல் இருக்கிறது. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராயிருந்த உமாசங்கர் (பின்னாளில் பிரசங்கியாராகவும் நம் வாசகர் பலருக்கு அறிமுகமானவர்) 2006-ஐ அடுத்த ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். 2015-இல் இந்திய அரசும் தன் துறைகளுக்குத் திறந்த மூல மென்பொருள் கொள்கையை அறிவித்தது. எனினும் 2019-இல் வெளியான பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறிப் பயன்பாடுகள் நூலில் பேஜ்மேக்கர் இடம்பெற்றது! வெளியிட்டுவந்த நிறுவனமே கைவிட்டுப் பல ஆண்டுகள் கடந்த மென்பொருள் அது.

பேஜ்மேக்கர் என்றதும் நம் குருசேகர மலர்களை நினையாதிருக்க இயலாது. 1990-களில் தமிழ் எழுத்துருக்களை ஆக்கியோர் ஒவ்வொருவரும் எழுத்துகளுக்குத் தத்தமக்கேற்ற எண்களை வகுத்துக்கொண்டனர். ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரை மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தோன்றும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் பொதுக் குறியீடுகளும் வகுக்கப்பட்டன. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆனால் பழைய பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது. ஆகவே அச்சகங்கள் பழைய எழுத்துருக்களையே கட்டியழுதன. அவ்வெழுத்துருக்களும் மென்பொருளும் விலைகொடுத்து வாங்கியவையா என்று கேட்டால் பல இடங்களில் மௌனமே விடையாயிற்று. திருட்டுப்படி என்று அறிந்தே ஒரு மென்பொருளைக் கணிப்பொறியில் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கும் அபராதத்திற்கும் உரிய குற்றம். ஆதாய நோக்கம் இல்லையெனில் நீதிமன்றம் சிறைத்தண்டனையை நீக்கலாம் என்றும் அப்பிரிவு கூறுகிறது. இச்சலுகையை நம்பி ஆலய அலுவலகம் நடத்துதல் எவ்வளவு பொருத்தம் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

இத்துறையில் நற்செய்தி ஒன்றும் உண்டு. எழுத்துருவுக்குக் குனு உரிமம் நன்கு பொருந்தவில்லை. எழுத்துரு ஆவணத்திற்குள்ளேயே பதிக்கப்படுவதால், அவ்வாவணமும் அவ்வுரிமத்திற்கு உட்படுமோ என்னும் ஐயம் எழுந்தது. இதனைத் தீர்க்க ஓர் உரிமத்தை எழுதியவர்கள், உலகின் சிறுபான்மை மொழிகளை ஆய்ந்து வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநிற்கும் எஸ்ஐஎல் அமைப்பினர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2007-இல் அவர்கள் வெளியிட்ட திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1 பதிப்பின்படி, எழுத்துருவைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், வேறு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். எழுத்துருவைத் தனியாக மட்டும் விற்கலாகாது. மாற்றியதும் இதே உரிமத்திலேயே இருக்கவேண்டும். அதனைக் கொண்டு ஆக்கும் ஆவணத்தை உரிமம் கட்டுப்படுத்தாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், மலையாளக் குழுவினர் நமக்காக ஆக்கித் தந்த மீரா இனிமை ஆகியவை இவ்வுரிமத்தில் உள்ளவையே. இவ்வமைப்பு 2015-இல் கீமேன் என்னும் விசைப்பலகை மென்பொருளையும் ஏற்று, பின்பு அதன் மூலநிரலைத் திறந்தது. எ-கலப்பையை நினைவுகூர்வோர் இருப்பர். தமிழ்த் தட்டெழுத்தை ஆயிரக்கணக்கான இல்லங்களுக்குக் கொண்டுசேர்த்த அது, தொடக்கத்தில் பூட்டிய கீமேன் இயங்கியையே சார்ந்திருந்தது. விலையின்றிக் கிடைத்தும், மூன்றாம் பதிப்பில் புதிதாக எழுதப்பட்ட பின்பே கட்டற்றதாயிற்று.

இனி இன்றைய இளைஞரிடம் வருவோம். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கிவருகிறது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர்க்குக் கட்டணமின்றிக் கட்டற்ற மென்பொருள் பயிற்சி அளிப்பது அதன் பணி. கற்பவர் நாளை கற்பிப்பவர் ஆகவேண்டும் என்னும் எதிர்பார்ப்போடு நடைபெறும் இத்தகைய குழுக்களில் ஸ்டால்மனின் கருத்து இன்னும் உயிரோடிருக்கிறது. ‘கணியம்’ என்னும் தமிழ் மின்னிதழ் 2012 முதல் இப்பொருள்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டு வருகிறது. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், இம்மாவட்டத்து இளைஞர் மென்பொருள் வேலைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போயே ஆகவேண்டும் என்னும் நிலையும் சிறிது தளர்ந்துள்ளது.

ஆனால் பொதுவான போக்கு வேறு. 2008-இல் கிட்ஹப் வந்தபின், நிரலை உலகறிய வைத்தல் ஒரு விசையை அழுத்தும் வேலையாயிற்று. வேலை தேடும் மாணவன் தன் திறமைக்குச் சான்றாக அங்கே நிரல்களைக் குவிக்கிறான், உரிமம் எழுதுவதில்லை. 2015-இல் அக்களஞ்சியமே வெளியிட்ட கணக்கின்படி, அங்குள்ள திட்டங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் மட்டுமே உரிமம் இருந்தது. உரிமம் எழுதியோர் மற்றெதனினும் மிகுதியாகத் தேர்ந்தது எம்ஐடி உரிமம். ஆசிரியர் பெயரை நீக்காதே, பின் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்பதே அதன் சாரம். பின்வருபவர்க்குச் சுதந்திரத்தைக் கடத்தும் கடமை அதில் இல்லை. முந்தைய தலைமுறை உரிமத்தைப் பற்றி வாதிட்டுப் பிரிந்தது. இத்தலைமுறை அதைப் பற்றி எண்ணுவதேயில்லை. இதனை நான் தாராள மனம் என்று முதலில் கருதினேன். பெரும்பாலும் அது அறியாமையும் அவசரமுமே என்று இப்போது கருதுகிறேன். எங்கள் குருசேகர வாலிபனும் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்திருப்பான். எவரும் கேட்கவில்லை, அவனும் எழுதவில்லை.

அத்தாராளத்தின் கனியை உண்டவர் யார் என்னும் கேள்வி விரைவில் எழுந்தது. பெரிய மேகக் கணிமை நிறுவனங்கள் திறந்த நிரல்களை எடுத்துத் தம் கணிப்பொறிகளில் இயக்கி வாடகைக்கு விட்டுப் பெரும்பொருள் ஈட்டின. மென்பொருளை எவர்க்கும் ‘வழங்காமல்’ தம்மிடமே வைத்து இயக்கியதால் குனு உரிமத்தின் நிபந்தனைகூட அவர்களைத் தொடவில்லை. இதனால் வெகுண்ட சில நிறுவனங்கள் வேலியடைக்கத் தொடங்கின. மோங்கோடிபி 2018-இலும், எலாஸ்டிக் 2021-இலும், ஹாஷிகார்ப் 2023-இலும், ரெடிஸ் 2024-இலும் தத்தம் உரிமங்களை இறுக்கின. உடனே பிறர் பழைய நிரலை எடுத்துக்கொண்டு ஓப்பன்டோஃபு, வால்கீ எனப் புதுப்பெயரில் தொடர்ந்தனர். எலாஸ்டிக் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும், வலையமைப்பின்வழி இயக்குவோரையும் கட்டுப்படுத்தும் அஃபெரோ குனு உரிமத்தையும் மாற்றாக ஏற்றுக்கொண்டு ஒருவாறு திரும்பி வந்தன. உரிமங்கள் மதியாதவர்க்கு வெறுங்காகிதம் என்று சொல்லித்திரிந்தவர்கள் இந்நாட்களில் சற்றே மௌனமாயினர்.

உழைத்தவரின் களைப்பு வேறொரு செய்தி. 2024 மார்ச் இறுதியில், உலகெங்கும் லினக்ஸ் கணிப்பொறிகளில் உள்ள எக்ஸ்இசட் என்னும் சிறிய சுருக்குநிரலில் இரகசியப் பின்வாசல் ஒன்று புகுத்தப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. அதனைப் பல்லாண்டுகள் ஊதியமின்றிப் பேணியவர் தனியொருவர். அவர் சோர்ந்திருந்த வேளையில், உதவுவதாக நடித்த ஒருவர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பொறுமையோடு பழகி நம்பிக்கை பெற்று, பின் இத்தீமையைச் செய்தார். தனித்திருந்து சோர்ந்தவரிடம் உதவி என்னும் வேடத்தில் வரும் ஆபத்தை ஊழியக்காரர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1976-இல் பில் கேட்ஸ் கேட்ட கேள்விக்குக் கட்டற்ற மென்பொருள் இயக்கம் இன்னும் முழுமையான விடை தரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவற்றின்மேல் செயற்கை அறிவு வந்தது. 2021-இல் கிட்ஹப் அறிமுகப்படுத்திய கோபைலட், அங்கே பொதுவில் குவிந்திருந்த நிரல்களைப் படித்துப் பழகிய பொறி. கேட்டால் நிரல் எழுதித் தரும். எவரிடம் கற்றது என்று சொல்லாது. ஆசிரியர் பெயரை நீக்காதே என்னும் எம்ஐடி உரிமத்தின் ஒரே வேண்டுகோளும், அதே உரிமத்தில் வழங்கு என்னும் குனு நிபந்தனையும் இங்கே என்னாயின என்று கேட்டு 2022 நவம்பரில் சில நிரலர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். பெரும்பாலான கோரிக்கைகள் தள்ளுபடியாகி, வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. உரிமத்தைப் பற்றி நினையாதிருந்த இளைஞர் பலர் இதன்பின்னரே முதன்முறையாக உரிமங்களைப் படிக்கத் தொடங்கினர்.

நம் கைக்கு மிக அண்மையில் உள்ள நூலிலும் இதே வினா எழுகிறது. ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் நிறைவெய்திய தமிழ் வேதாகமத்தின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ கழிந்துவிட்டது. பின்வந்த மொழிபெயர்ப்புகளுக்கு உரிமை உண்டு; அவற்றை மென்பொருளில் சேர்ப்பவர் அனுமதி பெறவேண்டும். பாடம் சிதையாமல் காத்தற்கும், மொழிபெயர்ப்புச் செலவை ஈடுசெய்தற்கும் அவ்வுரிமை வேண்டும் என்னும் வாதம் ஏற்கத்தக்கதே. 2019-இல் வெளிவந்த இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன் தமிழ் வேதாகமமோ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளது. பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் எவரும் பகிரலாம், திருத்தவும் செய்யலாம். திருத்தலாம் என்னும் சொல் சிலரை அஞ்சவைக்கும். திருத்தியவர் தாம் திருத்தியதை அறிவிக்கவேண்டும் என்று அவ்வுரிமமே விதிக்கிறது. இருவகை அச்சத்தையும் எடைபோட்டுப் பார்த்தபின்பும், எனக்கு இரண்டாவது முறையே நன்றெனப் படுகிறது. மாறுபடுவோர் உண்டு என்பதையும் அறிவேன்.

பதிவேட்டு மென்பொருளின் வரலாற்றைச் சொல்லி நிறுத்துகிறேன். வாலிபனுக்கு எழுதினோம். மூலநிரல் விழுப்புரத்தில் அவன் பெற்றோர் வீட்டிலுள்ள பழைய வன்தட்டில் இருக்கலாம் என்று பதில் வந்தது. கூடவே ஓர் அச்சமும்: இப்போது தான் பணிபுரியும் நிறுவனம் உரிமை கோருமோ என்று. வேலைக்கமர்ந்தபின், அவ்வேலையின் பகுதியாக எழுதிய நிரலே நம் சட்டப்படி நிறுவனத்தினுடையது. இது மாணவப் பருவத்தில் எழுதியது, ஆதலின் அவனுடையதே என்று விசாரித்துத் தெளிவித்தோம். அவன் மூன்றாம் பதிப்புக் குனு உரிமத்தைக் கோப்பின் தலைப்பில் சேர்த்து அனுப்பினான். திண்டிவனத்து மாணவி அதைப் புதிய கணிப்பொறிக்கு ஏற்ப மாற்றினாள். பழைய எழுத்துருவில் இருந்த பெயர்களை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு சிறுநிரலும் எழுதினாள். ‘ஸ்’ வரும் பெயர்கள் அனைத்தும் சிதைந்தன. நம் சபைகளில் அத்தகைய பெயர்கள் எத்தனை என்று வாசகர் அறிவர். கையெழுத்துப் பதிவேடுகளை வைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். பக்கத்துக் குருசேகரத்தார் கேட்டு வாங்கிச் சென்றனர். சந்தாக் கணக்கில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கைக்கு ஒரு தனிப் பத்தியைச் சேர்த்து, மூலநிரலோடு எங்களுக்குத் திருப்பி அனுப்பினர். நல்லடக்கப் பதிவேடு மட்டும் இன்னும் முடியவில்லை.